கன்னத்தில் தங்கும் தண்ணீர்

புதிதாக வந்த சவர சோப்பின் டப்பாவைத் திறந்ததும் முதலில் வேலை செய்வது மூக்குதான். சந்தனம், லாவண்டர், கசப்பு வாதுமை, யூகலிப்டஸ் என்று மணத்தின் பெயரைச் சொல்லியே சிறு தயாரிப்பாளர்கள் தங்கள் சோப்புகளை விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் மணத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். மணம் தரும் மகிழ்ச்சியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிளேடு முடியைச் சந்திக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. நாளைக் காலையில் அந்தச் சோப்பு கன்னத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமானால் டப்பாவைத் திருப்ப வேண்டும். அடியில் பொடியெழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் சோப்பானால், எது எடையில் அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள்.

நல்ல சவர சோப்புகள் பலவற்றில் அந்த வரிசையின் தலையில் நிற்பது ஸ்டியரிக் அமிலம். அதைத் தொடர்ந்து தண்ணீர், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தேங்காய் எண்ணெய், கிளிசரின், கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு. ஷியா வெண்ணெய், கோகம் வெண்ணெய், மாட்டுக் கொழுப்பு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் ஆகியவற்றில் ஒன்றிரண்டு கூடச் சேரலாம். குளியல் சோப்பின் பட்டியல் வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் அதன் வேலை வேறு. அழுக்கையும் எண்ணெயையும் பற்றிக்கொண்டு அது சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விட வேண்டும். சவர சோப்போ கன்னத்தில் பத்து நிமிடமாவது தங்க வேண்டும். அதுவரை உலரக் கூடாது, ஒழுகக் கூடாது, பிளேடு வழுக்கிச் செல்ல வழிவிட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கடமை ஒன்றே: முடியின்மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. புதுச் சோப்பு ஒன்றைச் சோதிப்பவர் உண்மையில் சோதிப்பது அந்தத் திறமையைத்தான்.

ஸ்டியரிக் அமிலத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பன்றிக் கொழுப்பிலிருந்து செய்த சோப்பு ஒன்றை 1811இல் ஆராயத் தொடங்கிய அவர், அதிலிருந்து முத்தின் பளபளப்புள்ள படிகங்களைப் பிரித்தெடுத்தார். அங்கே தொடங்கிய வேலை ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டு, விலங்குக் கொழுப்புகள் பற்றிய அவருடைய பெரிய நூலாக 1823இல் வெளிவந்தது. கொழுப்பு என்பது சில அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த கூட்டு. காரம் அந்தக் கூட்டைப் பிரிக்கிறது. பிரிந்த அமிலமும் காரமும் சேர்ந்து உண்டாகும் உப்பே சோப்பு. இன்று பள்ளிப் பாடத்தில் நான்கு வரியில் முடியும் இந்த விஷயத்தை முதன்முதலில் தெளிவாக நிறுவியவர் அவர். அதுவரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஷெவ்ரூல் 102 வயதுவரை வாழ்ந்தார். ஐஃபல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. கோபுரம் திறந்த 1889ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

கொழுப்பு அமிலங்கள் எல்லாம் ஒரே அமைப்புதான்: கரியணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட வால், அதன் முனையில் தண்ணீரை விரும்பும் ஒரு தலை. வாலின் நீளம் மாறினால் குணமும் மாறிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தில் 12 கரியணுக்கள், ஸ்டியரிக் அமிலத்தில் 18. லாரிக் அமிலம் 44 டிகிரி செல்சியஸில் உருகும், ஸ்டியரிக் அமிலம் உருக 69 டிகிரி வேண்டும். லாரிக் அமிலத்தின் சோப்பு தண்ணீரில் சட்டென்று கரைந்து, பெரிய பெரிய குமிழிகளாகப் பொங்கும். தேங்காய் எண்ணெய் சோப்பு கடல்தண்ணீரிலும் நுரைப்பதால் கப்பல்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். ஆனால் அந்த நுரைக்கு ஆயுள் குறைவு. ஸ்டியரிக் அமிலத்தின் சோப்பு நேர் எதிர். கரைய மறுக்கும், மெதுவாக நுரைக்கும், நுரைத்துவிட்டால் எளிதில் கலையாது.

சோப்பு செய்பவரின் கைத்திறன் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் கூடினால் பிரஷ் தொட்டவுடன் நுரை எழும், ஆனால் ஒரு கன்னம் மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் வற்றிவிடும், தோலும் இழுக்கும். ஸ்டியரிக் அமிலம் மட்டுமே இருந்தால் கைவலிக்கச் சுழற்றினாலும் நுரை வருவது கடினம். எனவே ஸ்டியரிக் பெரும்பங்கு, தேங்காய் எண்ணெய் அதைவிடக் குறைவு என்ற விகிதத்தைப் பெரும்பாலான சிறு தயாரிப்பாளர்கள் கையாளுகிறார்கள். ஸ்டியரிக்கை நேரடியாகச் சேர்க்காமல் அது நிறைந்த கொழுப்பு வழியாகவும் கொண்டுவரலாம். மாட்டுக் கொழுப்பில் அதன் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொங்கணக் கடற்கரையிலும் விளையும் கோகம் விதையின் வெண்ணெயில் பாதிக்கும் மேல் ஸ்டியரிக் இருப்பதால், விலங்குக் கொழுப்பு வேண்டாம் என்பவர்களுக்கு அது அருமையான மாற்று. சேர்மானப் பட்டியலில் ‘டாலோவேட்’ என்று முடியும் பெயர் இருந்தால் அது மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ என்று அறிந்துகொள்ளலாம். சைவ சோப்பு வேண்டுபவர்கள் முதலில் தேட வேண்டிய சொல் அது.

அடுத்தது காரம். துணி சோப்பும் குளியல் சோப்பும் கட்டியாக இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடால், அதாவது நம் ஊரில் காஸ்டிக் சோடா என்று விற்கும் பொருளால். அதே எண்ணெயைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காய்ச்சினால் குழைவான சோப்பு கிடைக்கும். பொட்டாசியம் அயனி சோடியத்தைவிடப் பெரியது. சோப்பு மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிப் படிகமாவதை அது தளர்த்துகிறது, அதனால் தண்ணீர் உள்ளே புக இடம் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்ரிஷ் கிராஃப்ட், ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதைத் தாண்டினால்தான் அது தண்ணீரில் தாராளமாகக் கரையும் என்று காட்டினார். சோடியம் ஸ்டியரேட்டுக்கு அது 70 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் முகத்தைக் காட்ட முடியாது. பொட்டாசியம் ஸ்டியரேட்டுக்கு அது கணிசமாகக் குறைவு. சவர சோப்பில் பொட்டாசியம் முன்னால் நிற்பதன் காரணம் இதுவே. சோடியத்தை ஓரளவு சேர்ப்பது, டப்பாவில் சோப்பு உருக்குலையாமல் நிற்பதற்காக. மிலான் நகரில் 1899 முதல் செய்யப்படும் செல்லா போன்ற இத்தாலியச் சோப்புகள் விரலால் அள்ளும் பதத்தில் குழைந்திருக்கும். இங்கிலாந்தின் பழைய வகைச் சோப்புகள் மரக் கிண்ணத்தில் உறுதியாக உட்கார்ந்திருக்கும். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதத்தாலும் உள்ளே நின்ற தண்ணீராலும் வருவது.

சிறு பட்டறையில் இதைச் செய்பவர் தராசை நம்பித்தான் வாழ்கிறார். 100 கிராம் தூய ஸ்டியரிக் அமிலத்தை முழுவதும் சோப்பாக்க 19.7 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும். சோடியம் ஹைட்ராக்சைடானால் 14.1 கிராம். ஆனால் கடையில் கிடைக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் பெரும்பாலும் 90 சதவீதத் தூய்மைதான், எனவே சுமார் 22 கிராம் எடுக்க வேண்டும். கடையில் ‘ஸ்டியரிக்’ என்று விற்பதிலும் ஏறக்குறைய பாதி, 16 கரியணுக்கள் கொண்ட பால்மிடிக் அமிலம். இதற்கும் கணக்கைத் திருத்த வேண்டும். காரம் மிஞ்சினால் முகம் எரியும். ஆகவே வேண்டுமென்றே காரத்தைச் சற்றுக் குறைத்து, கொஞ்சம் அமிலம் மாறாமல் மிஞ்சும்படி விடுவார்கள். அந்த மிச்சம் வீணாவதில்லை. மாறாத ஸ்டியரிக் அமிலம் சோப்பு மூலக்கூறுகளோடு சேர்ந்து, நுரையின் சுவர்களைத் தடிப்பாக்குகிறது.

கிளிசரினைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெயைக் காய்ச்சும்போது கிளிசரின் தானாகப் பிரிந்து சோப்பிலேயே தங்கும். ஆனால் ஸ்டியரிக் அமிலம் ஏற்கெனவே கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த பொருள், அதில் கிளிசரின் இல்லை. அது பெரும்பங்காக இருக்கும் சோப்பில் கிளிசரினை வெளியிலிருந்து சேர்த்தாக வேண்டும். தண்ணீரை விடாமல் பற்றும் பொருள் என்பதால் நுரை உலர்வதை அது தாமதப்படுத்துகிறது.

இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை ஏன் முடியில் நிறுத்த வேண்டும்? முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுகளில் இரண்டு முக்கியமானவை. கந்தகக் கட்டுகள் உறுதியானவை, தண்ணீருக்கு அசையாதவை. ஹைட்ரஜன் கட்டுகள் எண்ணிக்கையில் மிக அதிகம், ஆனால் தண்ணீர் மூலக்கூறு இடையில் நுழைந்ததும் அவிழ்ந்துவிடும். உலர்ந்த முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். அப்போது அதன் குறுக்களவு ஏறக்குறைய 15 சதவீதம் பருக்கும், நீளம் ஒன்றிரண்டு சதவீதமே கூடும். பருத்த முடி மிருதுவானது, அதை அறுக்கக் குறைந்த விசை போதும்.

1937இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஹாலண்டர், காசல்மன் என்ற இருவர், திருப்தியான சவரத்துக்கு எவையெல்லாம் காரணம் என்று ஆராய்ந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். முடியை மென்மையாக்குவது தண்ணீரே. வெதுவெதுப்பான தண்ணீரானால் அதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். சோப்பு முக்கியமாகச் செய்வது முடியின்மேல் படிந்த எண்ணெய்ப் படலத்தை நீக்கித் தண்ணீருக்கு வழிவிடுவது. இதுதான் அவர்கள் கண்டதன் சாரம். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இது அசையாமல் நிற்கிறது. முகத்தைச் சரியாக நனைக்காமல், ஒரு நிமிடத்தில் நுரை பூசி, உடனே பிளேடு வைத்துவிட்டு ‘இந்தச் சோப்பு சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதுபவர்கள் இன்றும் ஏராளம். அந்தத் தீர்ப்பு சோப்புக்கு நியாயமானதாகாது.

நனைந்த முடியை நனைந்தபடியே வைத்திருக்க நுரை வேண்டும். நுரை என்பது பெரும்பாலும் காற்று. அந்தக் காற்றைச் சுற்றியிருக்கும் மெல்லிய சோப்புநீர்ச் சுவர்களும், சுவர்கள் கூடும் மூலைகளில் ஓடும் நுண்ணிய வாய்க்கால்களுமே தண்ணீரின் இருப்பிடம். நுரையில் எங்கு பார்த்தாலும் மூன்று சுவர்கள் 120 டிகிரி கோணத்தில்தான் சந்திக்கும் என்று கண்டு எழுதியவர் பெல்ஜியத்தின் ஜோசப் ப்ளாத்தோ. அவருடைய பெருநூல் 1873இல் வந்தது. பார்வையை முற்றிலும் இழந்துவிட்ட அவர், பக்கத்தில் இருந்தவர்கள் சோதனையைச் செய்து கண்டதைச் சொல்லச் சொல்ல, தன் மனத்துக்குள் குமிழிகளைப் பார்த்து அந்த விதிகளை வகுத்தார். அறிவியல் வரலாற்றில் இதற்கு இணையான உழைப்பைக் காண்பது அரிது.

நுரை பிறந்த நொடியிலிருந்து மூன்று வழிகளில் அழிகிறது. வாய்க்கால்கள் வழியாகத் தண்ணீர் கீழே வடிகிறது. சிறு குமிழிக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அதிலுள்ள காற்று சுவரை ஊடுருவி அடுத்திருக்கும் பெரிய குமிழிக்குப் போக, சிறியவை மறைந்து பெரியவை இன்னும் பெரிதாகின்றன. கடைசியில் மெலிந்த சுவர்கள் உடைகின்றன. இந்த முதுமையை நேரில் அளக்க இயற்பியலாளர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சவர நுரைதான். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் நியூஜெர்சி ஆய்வகத்தில் டூரியன், வைட்ஸ், பைன் ஆகிய மூவர், கடையில் வாங்கிய ஜில்லெட் டப்பா நுரைக்குள் லேசர் ஒளியைச் செலுத்தி, அது உள்ளே பட்டுச் சிதறி வருவதைக் கொண்டு குமிழிகள் வளர்வதைக் கணித்தார்கள். 1991இல் சயன்ஸ் இதழில் வந்த அந்த ஆய்வில் நுரையின் கொள்ளளவில் 92 சதவீதம் வாயு. சோதனைக்குச் சோதனை மாறாமல், நெடுநேரம் கலையாமல் நிற்கும் நுரை வேறெதுவும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது என்பதால் அதற்குப் பிறகும் பல ஆய்வகங்கள் அதையே வாங்கின.

அந்த டப்பா நுரையிலும் முதுகெலும்பு ஸ்டியரிக் அமிலமே. அங்கே பொட்டாசியத்துக்குப் பதில் ட்ரைஎத்தனாலமைன் என்ற கரிமக் காரம், பிரஷ்ஷுக்குப் பதில் அழுத்தத்தில் அடைத்த வாயு. வசதி அதிகம். ஆனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தை ஆலை தீர்மானித்துவிடுகிறது, பயன்படுத்துபவர் அதை மாற்ற முடியாது. பிரஷ்ஷும் சோப்பும் வைத்திருப்பவருக்கு அந்த உரிமை உண்டு. இந்தப் பழைய முறைக்குத் திரும்பியவர்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

நுரை மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது. பிளேடு தோலின்மேல் நகரும்போது, இடையிலிருக்கும் தண்ணீர் பெரும்பாலும் பிதுங்கி வெளியேறி, ஒரு சில மூலக்கூறு தடிப்புள்ள படலமே மிஞ்சுகிறது. அந்தப் படலத்தில் என்ன இருக்கிறது என்பதே வழுக்கலைத் தீர்மானிக்கும். 1922இல் வில்லியம் பேட் ஹார்டியும் ஐடா டபுள்டேயும் இத்தகைய மெல்லிய படலங்களை ஆராய்ந்து, மூலக்கூறின் கரியணுச் சங்கிலி நீள நீள உராய்வு குறைவதைக் கண்டார்கள். பொறியியலில் உராய்வைக் குறைக்கும் படலத்துக்கு ஸ்டியரிக் அமிலம் ஒரு பாடநூல் எடுத்துக்காட்டு. பிளேடுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நுரை முழுவதும் வழித்துப் போன இடத்தில், ஈர விரலால் தடவினால் இன்னும் வழுக்குகிறதா என்று பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். விட்டுப்போன இரண்டு முடிக்காக மறுபடியும் பிளேடை ஓட்டும்போது காப்பாற்றுவது அந்த மிச்சப் படலம்தான்.

இனிச் சோதனைக்கு வரலாம். ஆலைகளில் நுரையை அளக்க 1941இல் ராஸ், மைல்ஸ் என்ற இருவர் வகுத்த முறை உண்டு. 200 மில்லி சோப்புக் கரைசலை 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதே கரைசலின்மேல் விழவிட்டு, எழும் நுரையின் உயரத்தை உடனேயும் ஐந்து நிமிடம் கழித்தும் குறிப்பார்கள். சவர சோப்புக்கு இது தவறான தேர்வு, ஏனென்றால் உயரம் என்பது காற்று. இங்கே அறிய வேண்டியது, நுரை எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பது.

அதை வீட்டிலேயே அறியலாம். பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக உதறிவிட்டு, சோப்பின்மேல் அரை நிமிடம் சுழற்ற வேண்டும். கிண்ணத்தில் முதலில் வருவது பளபளப்பில்லாத கெட்டிக் களிம்பு. பலர் இந்த நிலையையே நுரை என்று நம்பி முகத்தில் பூசிக்கொள்கிறார்கள். அதில் சோப்பு அதிகம், தண்ணீர் போதாது, பிளேடு இழுக்கும். சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சுழற்றச் சுழற்ற, களிம்பின் மேல் ஒரு மினுமினுப்பு ஏறும். குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, கட்டித் தயிரின் பதம் வரும். இங்கேயும் நிறுத்தக் கூடாது. இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குமிழிகள் கண்ணுக்குப் புலப்படும், நுரை ஒழுகத் தொடங்கும், அடியில் பால்நிறத் தண்ணீர் தேங்கும். மினுமினுப்பு வந்த இடத்துக்கும் ஒழுகத் தொடங்கிய இடத்துக்கும் நடுவிலுள்ள தூரமே அந்தச் சோப்பின் தாங்கும் எல்லை. ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் விட்டால் அதை மில்லிலிட்டரிலேயே எழுதி வைக்கலாம். எல்லை அகலமாக உள்ள சோப்பு, கைத்தவறுகளை மன்னிக்கும். குறுகியது, தினமும் ஒரே கவனத்தைக் கேட்கும். புதுச் சோப்பை முகத்தில் வைப்பதற்கு முன்பே கிண்ணத்தில் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால், முதல் சவரம் வீணாகாது.

நல்ல பதத்தில் உள்ள நுரையைக் கிண்ணத்திலேயே பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சாய்த்துப் பார்ப்பது இன்னொன்று. அடியில் தண்ணீர் வடிந்திருந்தால், கன்னத்திலும் அதுதான் நடக்கும்.

தண்ணீரின் குணமும் இதில் பங்கெடுக்கிறது. சென்னையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது எல்லோரும் அறிந்தது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடுகின்றன. இந்தியத் தரநிலை, குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் ஒரு லிட்டர், கணக்குப்படி சுமார் 2 கிராம் பொட்டாசியம் ஸ்டியரேட்டை விழுங்கும். குளியலறையில் வாளிக் கணக்கில் செலவாகும்போது அது பெரிய இழப்பு. நுரைக்குப் பயன்படுவது 20 மில்லி என்று வைத்துக்கொண்டால் இழப்பு 40 மில்லிகிராம்தான், சோப்பின் செலவில் அது பெரிதில்லை. அப்படியும் நுரை கெடுவது ஏன்? கால்சியம் சோப்பின் கரையாத துகள்கள் குமிழிச் சுவர்களில் ஏறி அவற்றை உடைக்கின்றன. ஆலைகளில் நுரையை அடக்கவே இத்தகைய துகள்களைப் பயன்படுத்துவதுண்டு. இதற்காகத்தான் சில தயாரிப்பாளர்கள் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் சிட்ரேட்டையோ ஈடிடிஏ உப்பையோ துளியளவு சேர்க்கிறார்கள். பட்டியலின் வாலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ‘கெமிக்கல்’ என்று ஒதுக்க வேண்டியதில்லை. போர் தண்ணீர்க்காரருக்கு அது நண்பன். புதுச் சோப்பு ஏமாற்றினால், குழாய்த் தண்ணீருக்குப் பதில் கேன் தண்ணீரில் ஒருமுறை நுரைத்துப் பார்த்த பிறகே குறை சொல்லலாம்.

பிரஷ்ஷும் காலத்தோடு மாறியிருக்கிறது. முதல் உலகப் போரின்போது, போதிய அளவு சுத்தம் செய்யாத இறக்குமதிக் குதிரைமயிரில் செய்த பிரஷ்கள் வழியாக அமெரிக்க, பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு ஆந்த்ராக்ஸ் பரவியது. பிளேடு கீறிய தோலில் அந்தக் கிருமியின் வித்துகள் நேராக இறங்கின. பிறகு மயிரைக் கிருமிநீக்கம் செய்யும் விதிகள் வந்தன. இன்றைய செயற்கை இழைப் பிரஷ்கள் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் உலரும். சோப்பை ஒப்பிட்டுச் சோதிப்பவருக்கு அவை மிக வசதி.

மெந்தால் சேர்த்த சோப்புகள் தனி அனுபவம். பூசியதும் முகம் சில்லென்று ஆகும். வெப்பமானி வைத்து அளந்தால் அந்தக் குளிர்ச்சியில் பெரும்பகுதியைக் காண முடியாது. குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் ஒன்று உண்டு. மெந்தால் அதில் பொருந்தி, குளிர்ந்த பொருள் பட்டது என்ற செய்தியை மூளைக்கு அனுப்பிவிடுகிறது. டேவிட் ஜூலியஸின் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழுவும் 2002இல் இதைத் தனித்தனியே கண்டன. இருவரும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் இந்தச் சில்லிப்பு சோதனைக்கு இடைஞ்சல். எரிச்சலை அது மறைத்துவிடுவதால், சோப்பு நல்லதா, மெந்தால் மறைக்கிறதா என்று பிரித்தறிவது கடினம். மணப் பொருட்களிலும் கவனம் வேண்டும். லாவண்டரிலுள்ள லினலூல் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியம் முதலில் இத்தகைய 26 பொருட்களைப் பட்டியலில் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும் என்றது, 2023இல் அந்த எண்ணிக்கையை 80க்கு மேல் உயர்த்தியது. ஒவ்வாமை வரலாறு உள்ளவர்கள் புதுச் சோப்பை முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

சவரம் முடிந்ததும் நம் சலூன்களில் தேய்க்கும் படிகாரக் கல்லும் ஒரு சோதனைக் கருவியாகும். முகத்தைக் கழுவிவிட்டு ஈரத்தோடு படிகாரத்தைத் தடவினால், மேல்தோல் சிராய்த்த இடங்களில் மட்டும் சுரீர் என்று எரியும். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகளின் வரைபடம் கிடைத்துவிடும். சோப்பு மிச்சம் இருக்கும்போது தேய்த்தால் அலுமினியம் ஸ்டியரேட்டாகப் படிந்து பிசுபிசுக்கும், எனவே முதலில் நன்றாகக் கழுவ வேண்டும்.

ஒப்பிடுவதில் பெரிய சிக்கல் பிளேடு. எம்ஐடி ஆய்வாளர் ஜான்லூகா ரோஷியோலி, தான் சவரம் செய்த பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முனை சீராக மழுங்கியிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், அது ஆங்காங்கே சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. முடியைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆனாலும் எஃகின் உள்ளமைப்பு ஒருசீராக இல்லாத இடத்தில், முடி வளைந்து ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மோதும்போது முனை பெயர்கிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2020இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். ஆகவே நேற்று ஒரு சோப்பு, இன்று இன்னொரு சோப்பு என்று ஒரே பிளேடில் முயன்றால், இரண்டாவது சோப்பு மோசமான பிளேடோடு போட்டியிடுகிறது. புதுப் பிளேடு போட்டால் முதல் சோப்புக்கு அநியாயம்.

தோல் மருத்துவத்தில் களிம்புகளை ஒப்பிடும் வழியை இங்கே கடன் வாங்கலாம்: ஒரே நேரத்தில், ஒரு கன்னத்தில் பழக்கமான சோப்பு, மறு கன்னத்தில் புதியது. பிளேடு, பிரஷ் வகை, தண்ணீர், காத்திருக்கும் நிமிடம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் இரண்டு நுரைகளையும் எண் மட்டும் எழுதிய கிண்ணங்களில் கலந்து தந்தால், பெயரும் விலையும் தீர்ப்பில் தலையிடாது. இரண்டும் மணமில்லாத வகையாக இருந்தால் இன்னும் நல்லது. வலது கைக்காரர்களுக்கு ஒரு கன்னம் எப்போதும் எளிது, மற்றது கடினம். முடி சாயும் திசையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் அடுத்த முறை சோப்புகளைப் பக்கம் மாற்ற வேண்டும், எந்தக் கன்னத்தை முதலில் மழிப்பது என்பதையும் மாற்ற வேண்டும். பக்கம் மாறியும் அதே சோப்பின் கன்னத்தில் படிகாரம் குறைவாக எரிந்தால், அந்த வேறுபாட்டைச் சோப்பின் கணக்கில் எழுதலாம்.